வேறுபாடு எழுதும் கட்டம்

சீப்பை ஒளித்து வைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா என்று கேட்பது வழக்கம். கல்யாணம் நிற்காது. ஆனால் துக்கம் நின்றுவிடும். பூட்டுக்காரருக்கு அப்படித்தான் முப்பத்தெட்டு நாள் நின்றது. பாலத்தின் நடுவில் பழுதான வண்டியைப் போல, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. அவர் அழவில்லை. கடையைத் திறந்தார், சாவி ராவினார், பூட்டை எண்ணெயில் ஊறப்போட்டார். பார்த்தவர்கள் மனுஷன் தைரியசாலி என்று சொல்லிக்கொண்டார்கள்.

அவர் மனைவி பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், பதினாலாம் எண் படுக்கையில் இறந்துபோனாள். அவளுடைய சால்வை, மூக்குக்கண்ணாடி, துண்டு, சுடுநீர்க் குடுவை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு செவிலி கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தபோதுதான் சீப்பு இல்லை என்பது தெரிந்தது. அது தலையணைக்கு அடியில் இருந்தது. வைத்தவர் அவர்தான்.

அகலப் பல் வைத்த பழுப்பு நிறச் சீப்பு. ஓரத்திலிருந்து நாலாவது பல் இல்லை. அந்தச் சீப்பை முன்னிட்டு அந்த வீட்டில் முப்பத்தொரு வருடம் சண்டை நடந்தது. அவள் தலைவாரி முடித்ததும் சீப்பில் சிக்கிய முடியை எடுக்காமல் அப்படியே கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். இரும்புத்தூளைக்கூடப் பெருக்கி டப்பாவில் போடுகிற மனிதருக்கு அது பொறுக்காது. "சீவினா முடியை எடுத்துப் போட மாட்டியா?" என்பார் தினமும். "எடுக்குறேன், எடுக்குறேன். முடி எங்க ஓடிடப் போகுது?" என்பாள் தினமும். இதைக் கேட்டுக் கேட்டே அவர்கள் மகள் வளர்ந்து பெரியவளானாள்.

படுக்கையில் விழுந்த பிறகு அவளுக்குக் கை தூக்க முடியவில்லை. பூட்டுக்காரர்தான் வாரிவிட்டார். நுட்பமான வில்சுருளைத் தொடுகிற கை அது, வலிக்காது. கடைசி நாள் காலையில் வாரி முடித்து, சீப்பில் நின்ற நாலைந்து முடியை எடுக்கப் போனார். "இருக்கட்டும் விடுங்க. அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள். ஒருநாளாவது அவள் ஜெயிக்கட்டுமே என்று முடியோடு அப்படியே தலையணைக்கு அடியில் செருகினார். மத்தியானத்துக்குள் அந்த அப்புறம் இல்லாமல் போய்விட்டது.

அவருக்கு அந்தச் சீப்பு வேண்டும். அந்த முடியோடு வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னால் அழுவாள்.

மருத்துவமனையில் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், விடுபட்ட பொருள் பிரிவு இருந்தது. ஒரு காலத்தில் அது ஒரே ஒரு அலமாரியும் ஒரு குமாஸ்தாவுமாக இருந்தது. வருகிறவர்கள், அதோ அதுதான் எங்களுடையது என்று கை காட்டுவார்கள். அவர் எடுத்துக் கொடுப்பார். ஒரு சமயம் யாரோ குடுவை கேட்க, வேறு யாருடைய பாட்டிலோ கைமாறிப் போய்விட்டது. வாங்கிப் போனவரே மறுநாள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதை விசாரிக்க ஒரு குழு அமைத்துவிட்டார்கள். குழு பதினோரு மாதம் உட்கார்ந்தது. தவறு குமாஸ்தாவுடையதும் அல்ல, அலமாரியுடையதும் அல்ல, சொற்களுடையது என்று கண்டுபிடித்து மூன்று தொகுதி அறிக்கை கொடுத்தது. அலமாரிகளில் ஒட்டியிருந்த பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தபடியால், உரிமை கோருகிறவர்களும் ஆங்கிலத்தில்தான் கோர வேண்டும். ஒரு பொருளின் பெயருக்கும் அதற்குப் பக்கத்துச் சொல்லுக்கும் வேறுபாடு தெரியாதவருக்கு அந்தப் பொருள் உண்மையில் சொந்தமாக இருக்க முடியாது என்பது அறிக்கையின் சாரம். குமாஸ்தா இருந்த இடத்தில் இப்போது பதினேழு பேர் இருந்தார்கள்.

நாலாம் நாள் பூட்டுக்காரர் போய் நின்றார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் களைத்த முகத்தோடு ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஐந்து கட்டங்கள். பொருளின் ஆங்கிலப் பெயர், அதன் சொல்வகை, அதன் அர்த்தம், அதற்கு மிக நெருங்கிய வேறொரு ஆங்கிலச் சொல், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

"சீப்புங்க" என்றார் பூட்டுக்காரர்.

"சீப்புன்னு எழுதக் கூடாதுங்க. கோம்ப். எழுதறது அப்படி, சொல்றது கோம். கடைசி எழுத்தை எழுதணும், ஆனா வாயைத் திறந்து சொல்லக் கூடாது" என்றார் ஜன்னல்காரர்.

இருக்கலாம், பேசக் கூடாது. அந்தக் கட்டடத்தில் தன் நிலைமையும் அதுதான் என்று பூட்டுக்காரருக்குத் தோன்றியது. அந்த எழுத்தின்மேல் அவருக்கு ஒரு வாஞ்சை உண்டாயிற்று.

படிவத்தை மகள் நிரப்பினாள். கோம்ப், பெயர்ச்சொல், தலைவாரும் கருவி. நெருங்கிய சொல் பிரஷ். அதற்கு நார் உண்டு, இதற்குப் பல் உண்டு. எழுதிக்கொண்டே, "கடையில நல்லதா ஒண்ணு வாங்கித் தரேம்ப்பா. அம்மா சீப்புல ஒரு பல்லே இல்லையே" என்றாள்.

"அதுக்குத்தாம்மா" என்றார் அவர்.

அவள் ஒரு நிமிடம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிச்சத்தை எழுதி முடித்தாள்.

ஒரு வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. கோம்ப் என்பது பெயர்ச்சொல் மட்டும் அல்ல, வினைச்சொல்லும்கூட. அதை மறைத்து எழுதியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தார். அதற்கும் ஒரு வாரம் ஆயிற்று. பிறகு ஒப்பீட்டு அலுவலர் நேரில் வரச் சொன்னார்.

அலுவலரின் அறையில் ஆறு அகராதிகள் ஆளுக்கொரு மர மேடையில் திறந்து கிடந்தன. பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி ஒன்றுதான். அலுவலர் கெட்ட மனிதர் அல்ல. குரல் உயர்த்தமாட்டார். தன் வேலையைக் கடவுள் கொடுத்த வேலையாகவே நினைத்துச் செய்கிறவர். கடவுளைத்தான் யாரும் கேட்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க" என்றார் அலுவலர். "இங்க வர்றவங்க முக்கால்வாசிப் பேர் அழுதுகிட்டே வர்றாங்க. நாங்க கல் நெஞ்சுக்காரங்க இல்ல. ஆனா அழுகை பெயர்ச்சொல்லா வினைச்சொல்லான்னு அழறவங்களுக்கே தெரியறதில்ல. அப்படிப்பட்ட நிலைமையில அவங்க கையில ஒரு பொருளை எப்படி நம்பிக் குடுக்கறது? நீங்க அழலை. உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

நம்பிக்கையின் அடையாளமாகப் பிரிவைச் சுற்றிக் காட்டினார். முதல் அறையில் பெயர்ச்சொல் தவிர வேறொன்றாகவும் இருக்க முடியாத பொருள்கள். இரண்டாம் அறையில் பெயராகவும் வினையாகவும் நடமாடுகிற பொருள்கள். இரண்டாம் அறைச் சொற்களைப் பற்றிப் பேசும்போது அலுவலரின் குரல், நிலையில்லாத வேலைக்காரர்களைப் பற்றிப் பேசும் முதலாளியின் குரலாக மாறியது. மூக்குக்கண்ணாடி முதல் அறையில் இருந்தது. அதன் கூடு, கேஸ் என்ற சொல் வினையாகவும் வருவதால், இரண்டாம் அறைக்குப் போய்விட்டது. குடுவை முதல் அறையில், அதன் மூடி இரண்டாம் அறையில். ஒன்றாக வாங்கியவை, ஒன்றாக உழைத்தவை. மருத்துவமனைக்கு வந்துதான் பிரிந்தன. ஒருவர் மூக்குக்கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு, கூடு கிடைக்கும்வரை அதைக் கையிலேயே பிடித்தபடி நாலு வாரமாக நடந்துகொண்டிருந்தார். ஊன்றுகோலுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வேண்டியிருப்பதால் அது எந்த அறைக்கு என்று இன்னும் தீர்மானமாகவில்லை. இரண்டு அறைகளுக்கும் நடுவில் வாசற்படியில் குறுக்கே கிடந்தது. அதனால் கதவைச் சாத்த முடியவில்லை. கதவு திறந்திருப்பதால் அங்கே ஒரு காவலாளியைப் போட்டிருந்தார்கள். காவலாளிக்கு வலது கால் சற்று ஊனம். அந்தக் கோலைத் தொட அவருக்கு அனுமதியில்லை.

இரண்டாம் அறையின் கண்ணாடி அலமாரியில், மூடிகளுக்கும் கூடுகளுக்கும் அப்பால், பழுப்பாக ஒன்று தெரிந்தது. நாலாவது பல் இல்லை. முடி இருக்கிறதா என்று அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை. அதன் கழுத்தில் பதினாலு என்று எழுதிய அட்டை கட்டியிருந்தது.

பூட்டுக்காரரின் கண் தானாகவே அலமாரிப் பூட்டுக்குப் போயிற்று. மட்டமான பூட்டு. ஒரு கொண்டை ஊசி இருந்தால் மூச்சு விடும் நேரத்தில் திறந்துவிடலாம். காவலாளி சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தார். ஆனால் முப்பது வருடத்தில் சொந்தக்காரர் சொல்லாமல் அவர் ஒரு பூட்டையும் திறந்ததில்லை. அப்படித் திறக்க ஆரம்பித்தால் பூட்டுக்காரனுக்கும் திருடனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? இந்த வேறுபாடு அவருக்கு எந்த அகராதியும் இல்லாமல் தெரிந்திருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

கோம்ப் விவகாரம் ஒருவழியாகத் தீர்ந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதற்கு இணங்க, அடுத்ததாகக் கோருகிறவர் விவகாரம் வந்தது. உறவு என்ற இடத்தில் மகள் ஹஸ்பண்ட் என்று எழுதியிருந்தாள்.

"இதுவும் இரட்டைச் சொல்" என்று அலுவலர் அகராதியைத் திருப்பிக் காட்டினார். "வினையா வரும்போது, சிக்கனமா வச்சுக் காப்பாத்தறதுன்னு அர்த்தம். அதனால நீங்க இரட்டைச் சொல்லுக்கான இரண்டாம் ஜன்னலுக்குப் போகணும். அதுல ஒரு சிக்கல். சம்பவம் நடந்த தேதியிலிருந்து நீங்க ஹஸ்பண்ட் இல்லை. விடோயர். அது வெறும் பெயர்ச்சொல். முதல் ஜன்னல். ஆனா உங்க பொருள் இரண்டாம் அறையில இருக்கு. முதல் ஜன்னல் ஆளுக்கு இரண்டாம் அறைப் பொருளைக் குடுக்க வழியில்ல."

வழியில்லையா என்று பூட்டுக்காரர் கேட்டார். வழி இருந்தது. ஹஸ்பண்ட், விடோயர் என்ற இரண்டு சொற்களையும் ஒப்பிட்டு, அதே ஐந்து கட்டங்களில், அவரே தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு யாரும் எழுதக் கூடாது. நாற்பது நாளுக்குள் பெறப்படாத பொருள்கள் அழிக்கப்படும் என்பதையும் அலுவலர் அக்கறையோடு நினைவுபடுத்தினார். அன்றைக்கு முப்பத்தாறாம் நாள்.

நடைகூடத்து மர பெஞ்சில் உட்கார்ந்து பூட்டுக்காரர் எழுதினார். தள்ளுவண்டிகள் போயின, மாத்திரைத் தட்டுகள் போயின. முதல் நாலு கட்டங்களை அலுவலர் சொன்னதை வைத்து எழுத்துக் கூட்டி நிரப்பிவிட்டார். ஐந்தாவது கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. கணவன், மனைவியை இழந்தவன். இரண்டுக்கும் வேறுபாடு என்ன? அவருக்கு அதே கைதான், அதே கடைதான், அதே சட்டைதான். வெகுநேரம் யோசித்துவிட்டு, ஆங்கிலம் தெரியாததால் தமிழிலேயே எழுதினார்: ஒரு ஆள்.

மறுநாள் படிவம் சிவப்பு மையோடு திரும்பியது. வேறுபாடு அர்த்தத்தில் காட்டப்பட வேண்டும், ஆட்களில் அல்ல.

ஜன்னல்காரர் அந்தப் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் படித்தார். இரண்டு சொற்களைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்து, கோணல் மாணலான கையெழுத்தில், பூட்டுக்காரர் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படியே, அகராதியைப் பார்த்து எழுதினார்.

"நீங்க எழுதினதுதாங்க சரி" என்றார் மெதுவாக. "ஆனா இதுதான் பாஸ் ஆகும்."

வேலையை இழக்கக்கூடிய காரியம் அது. கடவுளின் கணக்கில் அது ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று நம்ப வேண்டியதுதான்.

முப்பத்தெட்டாம் நாள் பூட்டுக்காரருக்கு அழைப்பு வந்தது. சீப்பைக் கொடுக்கப் போகிறார்கள். சும்மா அல்ல, விழா வைத்து. அவருடையது அந்தப் பிரிவின் ஆயிரமாவது ஒப்பீடு. மகளுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. அவர் தனியாகவே போனார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு.

கூடத்தில் நாற்காலிகள், ஒலிபெருக்கி, மேலிடத்திலிருந்து ஒரு விருந்தினர். சுவரில் பெரிய வரைபடம். ஆயிரம் ஒப்பீடுகள் ஏறுமுகமாகப் போய்க்கொண்டிருந்தன. எத்தனை பொருள்கள் திரும்பக் கொடுக்கப்பட்டன என்ற கோடு அதில் தரையோடு படுத்திருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

அலுவலர் பேசினார். "முன்னெல்லாம் ஜனங்க வந்தாங்க, பொருளை வாங்கிட்டுப் போனாங்க. ஒண்ணும் கத்துக்கலை. இன்னைக்கு எங்ககிட்ட வர்ற ஒவ்வொருத்தரும், பொருள் கிடைக்காமப் போனாலும், குறைஞ்சது ரெண்டு சொல்லோட வீட்டுக்குப் போறாங்க. ஒருத்தர் இறந்துபோறதைத் தடுக்க எங்களால முடியாது. ஆனா அந்தக் குடும்பத்தோட சொல்வளத்தைக் கூட்ட முடியும்." கைதட்டல் எழுந்தது. விருந்தினர் குறித்துக்கொண்டார்.

பூட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தட்டில் வைத்து, ஒட்டி மூடிய கண்ணாடித்தாள் உறையில், சீப்பு வந்தது. வாங்கினார். பார்த்தார்.

சீப்பு பளபளத்தது. பற்களுக்கு நடுவில் விளக்கு வெளிச்சம் தடையில்லாமல் புகுந்து வந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவர் எவ்வளவு கத்தியும் அந்தச் சீப்பு ஒருநாளும் அத்தனை சுத்தமாக இருந்ததில்லை.

"இதுல முடி இருந்துதுங்களே" என்றார். சின்னக் குரலில்தான் சொன்னார். ஒலிபெருக்கி அதை எடுத்துக்கொண்டது.

அலுவலர் சிரித்தார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்திருக்க முடியாது. "நல்ல கேள்வி. முடி, அதாவது ஹேர், தனிப் பெயர்ச்சொல். ரெண்டாம் அறைப் பொருள்மேல அது இருக்க விதி இல்லை. சரி, முதல் அறையில வைக்கலாம்னா பதிவேட்டுல அப்படி ஒரு பொருளே இல்லை. இவர் கேட்டது கோம். கேட்டதைவிடச் சுத்தமாக் குடுத்திருக்கோம். வேணும்னா ஹேர்னு ஒரு படிவம் போடலாம். ஸ்ட்ராண்ட்டோட, அதாவது இழையோட, ஒப்பிட்டு எழுதணும். இல்லாத பொருள்ங்கறதால கிடைக்காது. ஆனா ஒப்பீட்டை நாங்க ஏத்துக்குவோம்."

மறுபடி கைதட்டல். புகைப்படம் எடுத்தார்கள். முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன் என்ற வரிக்குக் கீழே பேனாவை நீட்டினார்கள். நாலு பேர் நடுவில் ஒருவரைத் தலைகுனிய வைப்பது அவருக்குப் பழக்கமில்லை. கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கும்போது, "அண்ணா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பிரிவில் பொருள் கழுவுகிற அம்மாள். கை ஈரம் காயவில்லை. "பதினாலாம் நம்பர் படுக்கைதானே?"

ஆமாம் என்றார்.

"இப்படி வாங்க."

படிக்கட்டுக்கு அடியில் கழுவும் அறை. இரண்டு தொட்டிகள், மருந்து நெடி, கவிழ்த்து வைத்த குடுவைகள். தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியை எடுத்தாள். மூடியின் கொக்கி உடைந்து, ரப்பர் வளையம் போட்டிருந்தது. உள்ளே பழைய மருந்துச்சீட்டுத் தாள்களில் மடித்த பொட்டலங்கள், நாற்பது ஐம்பது இருக்கும். ஒவ்வொன்றின்மேலும் படுக்கை எண்ணும் தேதியும்.

"எழுத்து தெரியாதுண்ணா, நம்பர் தெரியும்" என்றாள். "சீப்பைக் கழுவிட்டு முடியைக் குப்பையில போடுன்னு சொன்னாங்க. கை வரல. இது ஒருத்தரோட தலையில இருந்தது இல்லையா?"

இதையெல்லாம் யாராவது கேட்டு வந்தார்களா என்று விசாரித்தார்.

"வரலண்ணா. சீப்புக்கு யாரு இவ்வளவு அலைவாங்க? நீங்கதான் முதல் ஆளு." பொட்டலங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, பதினாலை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

பிரித்தார். விரலில் சுற்றி மோதிரம்போல வைத்திருந்தாள். ஐந்து முடி. மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கால்சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்னக் குறட்டை எடுத்து, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உடைந்த கொக்கியை நெளித்து நிமிர்த்தத் தொடங்கினார்.

"ஐயோ, அதுக்கெதுக்குண்ணா? விடுங்க."

"இருக்கட்டும்மா. இதெல்லாம் திறந்து கிடக்கக் கூடாது."

மூடி, திறந்து, மறுபடி மூடிப் பார்த்தார். கொக்கி டிக்கென்று விழுந்தது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

வீட்டில் மகளிடம் சீப்பை மட்டும் காட்டினார். அவள் கழுவியிருக்கிறார்களே என்றாள். ஆமாம் என்றார். அவள் அடுப்படிக்குப் போன பிறகு பொட்டலத்தைப் பிரித்து, ஐந்து முடியையும் இல்லாத பல்லுக்குப் பக்கத்தில், பழையபடி சிக்க வைத்தார். சுருளைப் பூட்டுக்குள் பொருத்துவதைவிட அது கஷ்டமாக இருந்தது. கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பத் தலைவாரக் கண்ணாடி முன் நின்றார். கண் அலமாரிக்குப் போயிற்று. அவர் யோசிக்கவில்லை. முப்பத்தொரு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"சீவினா முடியை எடுத்துப் போட மாட்டியா?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கையில் பிடித்த தன் சீப்போடு அப்படியே நின்றார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"எடுக்குறேன், எடுக்குறேன்" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. அவளுடைய அம்மா இழுக்கிற இடத்திலேயே இழுத்தது. "முடி எங்க ஓடிட…"

பூட்டுக்காரர் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பத்தொன்பதாம் நாள் அவர் அழுதார்.